முறுக்குநூல் ஓரம்

நெசவுத் தொழிலில் சம்பாதித்ததைக் கல்விக்கு எழுதி வைத்த ஒரு குடும்பத்தின் அறக்கட்டளையில் பேச அழைத்திருக்கிறீர்கள். அதனால் நூலைப் பற்றியே பேசுகிறேன். மேடையில் பலகையில் எழுதிக் காட்டிய சீன எழுத்துகளை இந்த அச்சுப் படியில் சொல்லால் வரைந்திருக்கிறேன். ஒலிப்பைத் தமிழில் ஏறக்குறையத்தான் தர முடியும், பொறுத்தருள்க.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். சோமனூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் தறிக்குடோனுக்குப் போயிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பழைய நாடாத் தறிகளுக்கு நடுவே சீனாவிலிருந்து இறக்கிய ரேப்பியர் தறிகள் இரண்டு ஓடின. அவற்றின் பலகையில் எல்லாமே சீன எழுத்து. திடீரென்று ஒரு தறி நின்றது, பலகையில் இரண்டு எழுத்து எரிந்தது. தறி ஓட்டுகிறவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே தறியின் பின்பக்கம் போய் அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்தார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். எட்டாவது வரை படித்தவர்.

"சீன பாஷை தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க வாத்தியாரய்யா... நாலு நாள் ஓட்டுனாத் தெரிஞ்சுட்டுப் போகுதுங்க. இந்த எழுத்து எரிஞ்சாப் பாவு அறுந்திருக்குது. அந்த எழுத்து எரிஞ்சா ஊடை. மொதப் பாதி ரெண்டுக்கும் ஒண்ணாத்தானுங்க இருக்குது. பின்பாதியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும்."

நான் பணி ஓய்வுக்குப் பிறகு சீன எழுத்துப் படிக்கத் தொடங்கிய தமிழாசிரியன். ஆறு வருடமாகப் புத்தகத்தில் தேடிய ஒன்றை அவர் நின்ற வாக்கில் சொல்லிவிட்டார். பாவுக்கான எழுத்து ஜிங், ஊடைக்கான எழுத்து வெய். இரண்டுக்கும் இடப்பக்கம் ஒரே குறி. அந்தக் குறிதான் இன்று நம் பொருள்.

சீனத்தில் பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டு. ஒரு துண்டு, சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். மற்றது எப்படி ஒலிக்கும் என்று சொல்லும். வகை சொல்லும் துண்டுகளில் ஒன்றையே தலையாக வைத்து அகராதியில் எழுத்துகளை அடுக்குவார்கள். சீனர் அதற்கு வைத்த பெயருக்கே 'பிரிவின் தலை' என்றுதான் பொருள். நான் தலைக்குறி என்கிறேன். கி.பி. 100 அளவில் ஷு ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைக்குறிகளின் கீழ் பிரித்து அகராதி செய்தார். 1716இல் காங்ஷி பேரரசர் காலத்து அகராதி 214 தலைக்குறிகளோடு வந்தது. அதில் 120ஆவது குறி நூல். அதன் கீழ் எண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு.

அதன் வடிவத்தைப் பாருங்கள். மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு சுழிப்பு. அடியில் மூன்று கோடுகள் விரிந்து தொங்கும். ஷு ஷென் இதை மெல்லிய பட்டு இழை என்று சொல்லி, கட்டிய பட்டுநூல் கற்றையின் உருவம் என்று விளக்கினார். படித்தவுடன் எனக்குச் சிறுமுகையில் என் பாட்டி வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. கஞ்சி போட்டுக் காய வைத்த சிட்டத்தைப் பாட்டி இரண்டு கையிலும் மாட்டிப் பிடித்து, ஒரு கையை மட்டும் திருகுவார். திருகத் திருக நூல் இறுகும். போதும் என்று பட்டதும் ஒரு தலையை மறு தலைக்குள் நுழைத்து விட்டுவிடுவார். சிட்டம் தானே தன்மேல் புரண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கி, மேலும் கீழும் உப்பி நிற்கும். கட்டிய நூலின் முனைகள் அடியில் தொங்கும். அன்யாங் நகரில் கிடைத்த மூவாயிரம் ஆண்டு பழைய எலும்புகளில் கீறியிருக்கும் எழுத்தும் அதுதான். இரண்டு உப்பல், தொங்கும் முனைகள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த எழுத்தை நாளுக்கு ஐம்பது முறை கையால் செய்துகொண்டிருந்தார்.

1956க்குப் பின் சீன அரசு எழுத்துகளை எளிதாக்கியபோது ஆறு கோட்டுக் குறி, இடப்பக்கம் வரும் இடங்களில், மூன்று கோடாகச் சுருங்கியது. சோமனூர்த் தறிப் பலகையில் இருந்தது இந்தச் சுருங்கிய வடிவம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை 'ஜியாவ் ஸ பாங்' என்று சொல்லித் தருகிறார்கள். 'முறுக்கிய பட்டுநூல் ஓரம்' என்று பொருள். பெயரிலேயே பாட்டியின் கை இருக்கிறது.

இனி நூல் பிறக்கும் இடத்துக்குப் போவோம். கோபிசெட்டிபாளையம், உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்திருப்பவர்கள் வீட்டில் தட்டுத் தட்டாகப் பட்டுக்கூடு பார்த்திருப்பீர்கள். காய்ந்த கூட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே கூட்டுப்புழு கடகடக்கும். நல்ல வெண்கூடு ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இழை, நடுவில் அறுபடாமல், ஒரே இழையாக இருக்கிறது. கூட்டுக்கான பழைய சீன எழுத்து ஒரு சின்ன வீடு. மேலே தழை. கீழே கூரை வைத்த பெட்டிக்குள் இரண்டு அறை. இடப்பக்க அறையில் நூற்குறி, வலப்பக்க அறையில் பூச்சிக்குறி. இலை தின்ற புழுவும் அது கட்டிய பட்டும் ஒரே கூட்டுக்குள். இதைவிடச் சுருக்கமாக ஒரு பட்டுக்கூட்டை யாரும் சொல்லிவிட முடியாது. எளிதாக்கிய வடிவத்தில் தழையும் பூச்சியும் மட்டும் இருக்கின்றன. பட்டை எடுத்துவிட்டார்கள். கோடு குறைந்தால் எழுதப் படிக்க அதிகம் பேர் கற்பார்கள் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனாலும் அந்தக் காலிக் கூட்டை எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கூட்டிலிருந்து நூல் எடுக்கிறவருக்கு முதல் வேலை வெந்நீர். வெந்நீரில் கூட்டின் பசை இளகும். பிறகு தூரிகையால் தடவித் தடவி இழையின் நுனியைக் கண்டுபிடிக்க வேண்டும். நுனி கிடைக்காவிட்டால் ஆயிரம் மீட்டரும் வீண். கிடைத்த பல நுனிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாக இழுக்க வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையிலிருந்து சீனம் எத்தனை சொல் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். இழையின் நுனிக்கு ஷு என்று பெயர். முன்னுரைக்கு அவர்கள் சொல்லும் 'ஷுலுன்' நுனியிலிருந்து வந்தது. மனத்தில் எழும் உணர்ச்சிக்கான 'சிங்ஷு'வும் அதே நுனிதான். இழைகளைத் தனித்தனியே பிரித்து எடுப்பதற்கான எழுத்து ஜீ; ஆண்டுக் கணக்குக்கும் பதிவுக்கும் நூற்றாண்டு என்ற சொல்லுக்கும் அது போனது. பல இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலை இழைக்கு தோங். ஆட்சியும் மரபும் அதிலிருந்து வந்தன. நம் குடியரசுத் தலைவரைச் சீனச் செய்தித்தாள் 'ட்ஸோங்தோங்' என்று எழுதும். பழைய வடிவில் அந்த இரண்டு எழுத்திலும் நூற்குறி உண்டு. முதல் எழுத்து சேர்த்துக் கட்டுவது, இரண்டாவது தலை இழை.

தமிழில் இதற்கு இணை எது என்று தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. சேலையின் முனைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தலைப்பு. இந்தச் சொற்பொழிவின் மேலே அச்சாகியிருப்பதும் தலைப்பு.

ஹுவாய்நான்ஸி என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சீன நூல் உண்டு. கூட்டின் இயல்பு பட்டாவதுதான். ஆனால் கை தேர்ந்த பெண்கள் வெந்நீரில் போட்டு நுனி எடுக்காவிட்டால் அது பட்டாகாது, மனிதருக்குள் இருக்கும் நன்மையும் கற்பிப்பவர் இல்லாமல் வெளிவராது என்று அது சொல்கிறது. முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் என்பதால் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வகுப்பு என்றதும் இன்னோர் எழுத்து. பள்ளியில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று சொல்லச் சீனர் பயன்படுத்தும் எழுத்து ஜீ. நூற்றாண்டுக்குச் சொன்ன ஜீ வேறு, இது வேறு. இதற்கும் இடப்பக்கம் நூல்தான். பட்டு இழைகளின் தரவரிசை என்று ஷு ஷென் பொருள் சொல்கிறார். நம் ஆலைகளில் நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்கிறோமே, அதுதான். 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டு எடையில் நாற்பது நின்றால் நாற்பதாம் நம்பர். எண் ஏற ஏற இழை மெலியும். சீனப் பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒரு நம்பர் ஏறுகிறது.

பயிற்சி என்பதற்கான லியன் என்ற எழுத்தும் நூற்கூடத்துப் பிள்ளைதான். கச்சாப் பட்டைக் கொதிக்க வைத்துப் பசை போக்கி மென்மையாக்கும் வேலை அதன் மூலப் பொருள். சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டை வேக வைத்தால் அதன் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு பசையாகக் கரைந்து போகும். பளபளப்பு அதற்குப் பிறகுதான் வரும். பசை போக்காத பட்டை நாம் கோரா என்கிறோம். கோவைக் கோரா சேலையில் அது பருத்தியோடு சேர்ந்து நெய்யப்படுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு மொடமொடப்பு இருக்கும். அந்த மொடமொடப்புக்குத் தனி அழகு உண்டு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நிறங்களுக்கு வருவோம். சிவப்புக்கான ஹோங், பச்சைக்கான ல்யூ, ஊதாவுக்கான ட்ஸ மூன்றிலும் நூற்குறி உண்டு. சாயம் போடாத வெண்பட்டுக்கான சு, எளிமை என்ற பொருளுக்கும் வந்தது. பூவையோ கிளியையோ பார்த்து இந்த நிறங்களுக்கு எழுத்துச் செய்யவில்லை. சாயத் தொட்டியிலிருந்து தூக்கிய நூலைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது திருப்பூரை நினைக்காமல் இருக்க முடியாது. நொய்யலுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. பாசனத்துக்குக் கட்டியதில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகாத சுத்திகரிப்பு வந்த பிறகே மீண்டும் திறந்தார்கள். அந்த வருடங்களில் வேலை போனவர்களும் உண்டு, கிணறு கெட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் என் மாணவர்களின் பெற்றோர்கள். நிறம் நூலில் இருந்தால் போதும், ஆற்றில் வேண்டாம்.

கோவையில் பேசும்போது ஒரு கேள்வி கட்டாயம் எழும். எல்லாம் பட்டாகவே இருக்கிறதே, பருத்தி எங்கே? சீனத்தின் பழைய எழுத்துகள் உருவான காலத்தில் அவர்கள் கையில் பருத்தி இல்லை. பட்டும் சணல் வகை நார்களும்தான். பட்டுப் பஞ்சுக்கு மியான் என்று ஓர் எழுத்து வைத்திருந்தார்கள், நூற்குறியோடு. பருத்தி பின்னால் வந்து பரவியபோது அதே ஒலியை, அதே வலப்பக்கத்தை வைத்துக்கொண்டு, இடப்பக்க நூற்குறியை மட்டும் எடுத்துவிட்டு மரக்குறியைச் சேர்த்தார்கள். செடியில் காய்க்கும் பஞ்சு. அந்த எழுத்துக்கு முன்னால் மரம் என்ற எழுத்தையும் வைத்தால் 'மூமியான்': நம் இலவமரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்ற பெண் ஹைனான் தீவில் பருத்தி வேலை கற்று வந்து ஷாங்காய்ப் பக்கத்துச் சோங்ஜியாங் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பது சீனாவில் எல்லாரும் அறிந்த வரலாறு. அந்த வட்டாரம் பிறகு பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றது. இங்கே கோவையில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் பஞ்சாலை தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலை மேல் ஆலையாக எழுந்தது. அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டு முன்பே கரிசல் மண்ணும் நூற்கும் பெண்களும் இங்கே இருந்தார்கள். சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான்.

ஈரோட்டு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே தோண்டி எடுத்தவற்றில் நடுவில் துளையிட்ட சுடுமண் கதிர்ச் சக்கரங்கள் உண்டு. துளையில் இரும்புக் கம்பி செருகியவையும் உண்டு. நூல் நூற்ற தக்களிகள். அதே மண்ணிலிருந்துதான் தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு கை பஞ்சை நூலாக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கை ஈரம் காய்ந்த பானையில் எழுதிக்கொண்டிருந்தது. ஒருவேளை ஒரே கையாகவும் இருந்திருக்கலாம்.

கொடுமணலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் பெருந்துறை, அதன் பக்கத்தில் சீனாபுரம். ஊர்ப் பெயரில் சீனா இருப்பது தற்செயல்; சனகாபுரம் என்பது பேச்சில் அப்படித் திரிந்திருக்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் அது என்பது கொங்கு நாட்டார் வழிவழியாகச் சொல்வது. அந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல் என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கம் இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். முதலாவது: சொல்தான் பஞ்சு, அதிலிருந்து இழை வருகிறது, புலவன்தான் நூற்கும் பெண், வாய் அவளது கை, அறிவு அவளது கதிர். இப்படித்தான் நூல் முடிகிறது. இரண்டாவது தச்சனின் நூல். மரத்தின் கோணலை அது எடுப்பதுபோல மனத்தின் கோணலை எடுப்பது நூல்.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இலக்கண ஆசிரியரைச் சொல்ல வந்தவர், அரசனையோ முனிவரையோ உவமை சொல்லாமல், திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து நூற்கும் ஒரு பெண்ணைச் சொல்லியிருக்கிறார். சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டு என்று வரும் அதே பெண். பனுவல் என்பது அவள் கையிலிருந்த பஞ்சுக்குப் பெயர். பிறகு புத்தகத்துக்குப் பெயர். பா என்றால் செய்யுள், பா என்றால் தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு. ஊடே ஓடுவது ஊடை. செய்தி கொண்டு போகிறதை இன்று ஊடகம் என்கிறோம், அதிலும் அந்த ஊடு இருக்கிறது. சீனர் கையெழுத்தில் செய்ததைத் தமிழர் வாய்ச்சொல்லில் செய்திருக்கிறார்கள். அங்கே இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே ஒலிக்குள் இருக்கிறது. காது கொடுத்தால் கேட்கும்.

தச்சனின் நூலுக்கும் அங்கே இணை உண்டு. மை தோய்த்த கயிற்றைக் கட்டையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கயிறு என்பதற்கான ஷெங் என்ற நூற்குறி எழுத்து, மட்டத்தைக் குறிக்கும் எழுத்தோடு சேர்ந்தால் அளவுகோல், நெறிமுறை என்று பொருள். நாம் 'நூல் பிடித்தாற்போல' என்கிறோம். எந்தத் தச்சுப்பட்டறையில் கேட்டாலும் இரண்டும் விளங்கும்.

இப்போது தறிப் பலகையில் எரிந்த எழுத்துக்குத் திரும்பலாம். பாவு, ஜிங். இடப்பக்கம் நூல். வலப்பக்க உருவம் தறியில் இழுத்துக் கட்டிய நீள இழைகள் என்று எழுத்தாய்வாளர் பலர் விளக்குகிறார்கள். நெசவில் பாவுதான் முதலில் போட்டாக வேண்டியது. பாவு ஓடி, கஞ்சி போட்டு, அச்சில் இழை இழையாகக் கோத்துக் கட்டிய பிறகு அது அசையாது. ஊடை மாறலாம், நிறம் மாறலாம், தறிக்காரர் மாறலாம். துணியின் நீளமும் அகலமும் பாவு போட்டபோதே முடிவாகிவிட்டது. அதனால் சீனர், தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்க வேண்டிய நூல்களுக்கு ஜிங் என்று பெயர் வைத்தார்கள். கன்பூசிய மரபின் மூலநூல்கள் எல்லாம் ஜிங். ஹான் அரச மரபின் காலத்தில் அந்த மூலநூல்களைச் சுற்றி இன்னொரு வகை நூல்கள் எழுந்தன. அவற்றுக்கு வைத்த பெயர் வெய், அதாவது ஊடை. நிமித்தமும் ஆரூடமும் கலந்திருந்ததால் பின்னால் வந்த அரசர்கள் அவற்றைத் தடை செய்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் வைத்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. நன்னூல் மூலம் ஒரு பாவு. உரையாசிரியர் மயிலைநாதர் அதில் ஓர் ஊடை ஓட்டினார். சங்கர நமச்சிவாயர் ஓட்டினார். சிவஞான முனிவர் அதைத் திருத்தி இன்னும் ஓட்டினார். ஒரே பாவில் எத்தனை துணி.

பௌத்தம் சீனா போனபோது, வடமொழியில் சூத்திரம் என்று வந்ததை எந்த எழுத்தில் பெயர்ப்பது என்ற கேள்வி வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஜிங் என்று எழுதினார்கள். ஏற்கனவே மதிப்புப் பெற்ற எழுத்து என்பதே முதற்காரணமாக இருந்திருக்கும். ஆனால் சூத்திரம் என்ற சொல்லுக்கும் நூல் என்பதுதான் பொருள். காஞ்சிபுரம் வரை வந்தவரும், 645இல் 657 நூல்களோடு சாங்கான் நகருக்குத் திரும்பியவருமான யுவான் சுவாங், வாழ்நாளின் மிச்சத்தையெல்லாம் சூத்திரங்களை ஜிங் ஆக்குவதில் செலவிட்டார். இந்த நூலை அந்தப் பாவில் ஏற்றும் வேலை. அவர் எழுதியது காகிதத்தில். காகிதம் என்ற எழுத்துக்கும் இடப்பக்கம் நூல்தான். காகிதத்துக்கு முன் அவர்கள் எழுதியவற்றில் பட்டுத்துணியும் ஒன்று. நாரை ஊற வைத்து வடித்தெடுக்கும் வேலையும் நூற்காரர் வேலைக்கு உறவு.

தமிழும் இந்தத் தலைக்குறியும் ஒரே கல்லில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் காலிக் கல்வெட்டு. 1911இல் காலி நகரில் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டு வந்து நாட்டியது. 1409 பிப்ரவரி என்று நாள் இட்டிருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கு. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பல நிறப் பட்டு, பொன்னிழை நெய்த கொடிகள் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலின் சீன வரிகளில் நெய்தல், பட்டு, சிவப்பு என்று நூற்குறி எழுத்துகள் வரிசையாக வருகின்றன. பக்கத்திலேயே நம் எழுத்து. கல்லில் கீறியவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் இரு பக்கத்தாரும் அந்தப் பட்டைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

இன்னும் ஒரே ஓர் எழுத்துக் கூட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். முடிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? முடி என்றால் கட்டு, முடிச்சுப் போடு. முடி என்றால் நிறைவு செய். தாலி மூன்று முடிச்சு; வேலை முடிந்தது. முடிவு என்பதற்கான சீன எழுத்து ஜோங். இடப்பக்கம் நூல். அதன் மிகப் பழைய எலும்பு வடிவத்தில் ஒரு கயிறு தொங்குகிறது. இரண்டு முனையிலும் இரண்டு முடிச்சு. அவ்வளவுதான் படம். முடிச்சுக்கான எழுத்து ஜியே. அதற்கும் நூற்குறி. திருமணத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஜியேஹுன்' இந்த முடிச்சில்தான் தொடங்குகிறது. நம்மவர்கள் 'கட்டிக்கிறது' என்கிறார்கள். சண்டை சச்சரவுக்கு 'ஜியூஃபென்' என்பார்கள். இரண்டு எழுத்தும் நூற்குறி, இரண்டும் சிக்கிய நூல். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லும் சிக்கல் என்ற சொல் வேறெங்கிருந்து வந்தது?

புவியியல் வரைபடத்தில் வடக்கு தெற்காக ஓடும் கோட்டைச் சீனர் ஜிங் என்கிறார்கள், கிழக்கு மேற்காக ஓடுவதை வெய் என்கிறார்கள். தீர்க்கமும் அட்சமும் அவர்களுக்குப் பாவும் ஊடையும். கோயம்புத்தூர் ஏறக்குறைய 77ஆம் பாவும் 11ஆம் ஊடையும் குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது.

சோமனூரில் அன்று அந்தத் தறிக்காரர் அறுந்த இழையைப் பிடித்து, ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே வைத்து, கண் சிமிட்டும் நேரத்தில் முடிச்சுப் போட்டார். பலகையில் எழுத்து அணைந்தது, தறி ஓடியது. கூலிக் கணக்கு எழுதும் நோட்டை நீட்டி, "இப்பப் போட்டனுங்களே முடிச்சு, அதுக்குச் சீனாக்காரன் என்ன எழுதுவானுங்க?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பலகையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். கஞ்சி ஒட்டிய நகத்தை எழுத்தின் இடப்பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கும் மொதப் பாதி அதேதானுங்களே! நூலுன்னு வந்துட்டாலே இது வருமாட்ட இருக்குதுங்க."